கராத்தே பழகிய பிள்ளைகளுக்குச் சிலம்பக் காலடி வர என்ன வழி?

ஆசான்மாருக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம். எங்கள் கூடத்தில் வாரத்தில் மூன்று நாள் ஷோட்டோகான் கராத்தே, சனி ஞாயிறு சிலம்பம். இரண்டும் பழகும் 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சிக்கல் தீரவே மாட்டேன் என்கிறது.

ஜென்குட்சு டாச்சி என்ற கராத்தே நிற்பில் முன்கால் மடங்கி, பின்கால் விறைத்து, இரண்டு குதிகாலும் தரையில் பதிந்திருக்கும். குத்துக்கு அது பலம்தான். அதே நிற்பில் கம்பைச் சுற்றித் திரும்பினால் இடுப்பு திரும்புகிறது, பாதம் திரும்புவதில்லை. முறுக்கு முழுக்க முழங்காலில் இறங்குகிறது. சிமெண்டுத் தரை வேறு. குதிகாலை லேசாக எழுப்பி முன்பாதத்தில் திரும்பச் சொன்னால் நாலு சுற்று ஒழுங்காக வரும், ஐந்தாவதில் பழையபடி ஒட்டிக்கொள்ளும்.

பிடியும் அப்படித்தான். கம்பை முஷ்டி மாதிரி இறுக்குகிறார்கள். மணிக்கட்டு உருளாததால் கம்பின் அடிநுனி சொந்த விலாவிலேயே இடிக்கிறது. நெற்றி உயரக் கம்புக்குப் பதில் மார்பளவுப் பிரம்பு கொடுத்ததில் இடி குறைந்தது. ஆனால் வீச்சு எவ்வளவு தூரம் எட்டும் என்ற கணக்கு கெட்டுப்போனது.

கேட்பது இதுதான்: கம்பே கொடுக்காமல் காலடி மட்டும் எத்தனை வாரம் ஓட்டுகிறீர்கள்? ஒரே மாலையில் இரண்டும் நடத்தினால் எது முதலில்? இடையில் குத்துவரிசை (கம்பில்லாத வெறுங்கைச் சண்டைமுறை) வைத்துப் பார்த்தவர்கள், எந்தக் காலடியில் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். வீடியோ இருந்தால் இடுப்புக்குக் கீழே தெரிந்தால் போதும், பிள்ளைகளின் முகம் வேண்டாம்.