மேற்கு பிரஷ்யா 'இடைவெளியே இல்லாமல்' இருந்ததாம்!

வரைபடக்கிறுக்கன்:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மேற்கு பிரஷ்யா 1773-இல் தொடங்கி முதல் உலகப் போர் முடியும்வரை இடைவெளி இல்லாமல் நீடித்த ஜெர்மன் மாகாணம்." அதற்கு ஆளாளுக்கு விருப்பக்குறி வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1772-இல் போலந்தைப் பங்கு போட்டபோது பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் கைக்கு வந்த நிலம் அது, மறு ஆண்டு ஜனவரியில் இந்தப் பெயரை வைத்தார். அதுவரை சரி. ஆனால் 1829 டிசம்பரில் அதைக் கிழக்கு பிரஷ்யாவோடு சேர்த்து 'பிரஷ்யா மாகாணம்' ஆக்கிவிட்டார்கள். 1878 ஏப்ரல் 1 அன்றுதான் மறுபடி பிரித்தார்கள். நடுவில் 49 ஆண்டு அப்படி ஒரு மாகாணமே கிடையாது!

பழஞ்சுவடி:
1829 இல்லை, 1824. தியோடோர் ஃபான் ஷோன் ஏற்கெனவே டான்சிக்கில் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) மேற்கு பிரஷ்யாவின் ஓபர்ப்ரெசிடென்ட், அதாவது மாகாணத் தலைவர். 1824-இல் கிழக்கு பிரஷ்யாவும் அவர் கைக்கு வந்தது, அதன் தலைநகரான கோனிக்ஸ்பெர்க்கில் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரே தலைவர், ஒரே ஊரிலிருந்து ஆட்சி. இணைப்பு அன்றே முடிந்துவிட்டது. இழை தொடங்குகிறவர் ஆண்டையாவது சரிபார்த்திருக்கலாம்.

வரைபடக்கிறுக்கன்:
ஒரு தலைமையாசிரியர் பக்கத்துப் பள்ளியையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டால் இரண்டும் ஒரே பள்ளி ஆகிவிடுமா ஐயா? 1824-இல் ஆள் ஒன்று, மாகாணம் இரண்டு. 1829-இல்தான் மாகாணமும் ஒன்றானது. 1829.

பழஞ்சுவடி:
இரண்டாவது பள்ளியின் தலைமையாசிரியர் நாற்காலியையே தூக்கிவிட்டால், ஆகும். 1824.

நதிமூலம்:
ஒரு சந்தேகம். 'மாகாணம்' என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? நிர்வாக அலகையா, தலைவர் பதவியையா, நிலப்பகுதியையா? 'ஜெர்மன்' என்ற சொல்லும் இடிக்கிறது. 1815-இல் ஜெர்மன் கூட்டமைப்பு உருவானபோது இந்தப் பகுதி அதற்கு வெளியேதான் இருந்தது.

வரைபடக்கிறுக்கன்:
அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் 1829-ஐ ஒப்புக்கொள்ளட்டும்.

பழஞ்சுவடி:
போன வருடம் போசன் என்ற இன்னொரு பிரஷ்ய மாகாணத்தைப் பற்றிய இழையில் இதே நண்பர் என்ன முழங்கினார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1848 கிளர்ச்சிக்குப் பிறகு போசன் சாதாரண மாகாணம் ஆகிவிட்டது, பிரஷ்ய மன்னர் 'போசன் மகா கோமகன்' பட்டத்தை 1918 வரை வைத்திருந்தது வெறும் காகிதம், நடைமுறைதான் முக்கியம் என்றார். என்னை 'காகிதப்புலி' என்றுகூடச் சொன்னார். இன்று அவரே காகிதத்தைப் பிடித்துத் தொங்குகிறார். நடைமுறை என்றால் 1824 தானே?

வரைபடக்கிறுக்கன்:
அது வேறு, இது வேறு. பட்டம் என்பது அலங்காரம், இணைப்பு ஆணை என்பது சட்டம். காகிதப்புலி என்றதற்கு அன்றே வருத்தம் தெரிவித்துவிட்டேன், இன்னும் தோளில் சுமக்கிறீர்கள்.

பழஞ்சுவடி:
வருத்தம் தெரிவிக்கவில்லை. சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டீர்கள்.

சும்மா_வந்தேன்:
ஷோன் என்று எழுதுவது தவறு. ஜெர்மன் உச்சரிப்பில் ஷேன்-க்கு நெருக்கம். அந்த மனிதர் தத்துவஞானி கான்ட்டிடம் படித்தவர், மரியன்பர்க் கோட்டையைப் புதுப்பிக்க முன்னின்றவர். பெயரையாவது ஒழுங்காகச் சொல்லுங்கள்.

வரைபடக்கிறுக்கன்:
ஷேன் என்றால் ஏதோ கிரிக்கெட் வீரர் மாதிரி இருக்கிறது. ஷோன்தான். அவர் பெயர் எதுவானாலும் ஆண்டு 1829.

புதுவரவு_27:
வணக்கம். என்னிடம் ஒரு பழைய வரைபடத்தின் நகல் இருக்கிறது, ஆண்டு கிழிந்துபோயிருக்கிறது. டான்சிக், மரியன்வெர்டர், கோனிக்ஸ்பெர்க் மூன்றும் 'பிரஷ்யா மாகாணம்' என்ற ஒரே நிறத்தில் இருக்கின்றன. எந்தக் காலத்து வரைபடமாக இருக்கும்?

வரைபடக்கிறுக்கன்:
பார்த்தீர்களா, ஆதாரம் தானாக வந்து சேர்கிறது. தம்பி, உங்களுடையது 1829-க்குப் பிந்தையது, 1878-க்கு முந்தையது.

பழஞ்சுவடி:
1824-க்குப் பிந்தையது.

நதிமூலம்:
புதுவரவு, டிர்ஷாவ் என்ற ஊரில் விஸ்டுலா ஆற்றின் குறுக்கே ரயில் பாலம் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதுவரவு_27:
ஆமாம், இருக்கிறது.

நதிமூலம்:
அந்தப் பாலம் 1857-இல் திறந்தது. ஆகவே உங்கள் வரைபடம் ஏறக்குறைய 1857-க்கும் 1878-க்கும் நடுவில். இந்த 1824, 1829 சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வரைபடக்கிறுக்கன்:
சம்பந்தம் எப்படி இல்லாமல் போகும்? 1829-இல் இணைத்திருக்காவிட்டால் அந்த நிறமே ஒன்றாக இருந்திருக்காது. பிரித்த கதையையும் சொல்கிறேன், கேளுங்கள். டான்சிக்காரர்களுக்குக் கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து ஆள்வது என்றுமே பிடிக்கவில்லை. நம் பணத்தையும் கவனத்தையும் கிழக்கே இழுத்துக்கொள்கிறார்கள் என்ற புகைச்சல். டான்சிக் மேயர் லியோபோல்ட் ஃபான் விண்டர் விடாமல் வற்புறுத்தி 1878-இல் பிரித்து வாங்கினார். டான்சிக் மறுபடி தலைநகரம் ஆனது. இருக்கிற மாகாணத்தைக் கேட்டு யாராவது போராடுவார்களா? பக்கத்து இழை ஆசாமி இதற்குப் பதில் சொல்லட்டும்.

சும்மா_வந்தேன்:
'மறுபடி' தலைநகரமா? 1772-இல் டான்சிக் பிரஷ்யாவிடமே இல்லையே. 1793 இரண்டாம் பங்கீட்டில்தான் தோர்ன் நகரத்தோடு சேர்ந்து கிடைத்தது. அதன் பிறகும் 1807-இல் நெப்போலியன் அதைத் தனி நகரம் ஆக்கிவிட்டார்.

வரைபடக்கிறுக்கன்:
1816 முதல் ஓபர்ப்ரெசிடென்ட் டான்சிக்கில்தான் இருந்தார், அதைத்தான் 'மறுபடி' என்றேன். 1793-ஐ நான் எப்போது மறுத்தேன்? சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள்.

பழஞ்சுவடி:
கடைசியாக ஒரு கணக்கு. அவர் சொல்லும் 1829 டிசம்பரையே வைத்துக்கொண்டாலும் 1878 ஏப்ரல் வரை 48 ஆண்டு 4 மாதம்தான். 49 இல்லை. 1824 என்றால் 54 வரும். எப்படிப் பார்த்தாலும் 49 வராது.

வரைபடக்கிறுக்கன்:
தோராயம் என்று ஒரு சொல் தமிழில் உண்டு. மாதக் கணக்கில் இறங்கிவிட்டாலே வாதம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். போசன் இழையிலும் இப்படித்தான் கடைசியில் மாதத்துக்கு வந்தீர்கள்.

பழஞ்சுவடி:
அந்த இழையிலும் நான் சொன்னதுதான் சரி. 1824.

புதுவரவு_27:
வரைபடத்தில் மரியன்வெர்டருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு போகிறது. அது என்ன எல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

வரைபடக்கிறுக்கன்:
இருங்கள் தம்பி, முதலில் இவரை முடித்துவிட்டு வருகிறேன்.