குமணயா, புந்தலயா? பிள்ளைகளோடு எப்போது போவது?

லிந்துலை_மழை:
மே கடைசியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை, உடுப்பெல்லாம் அடுப்பங்கரையில்தான் காய்கிறது. பிள்ளைகளை வெயில் இருக்கிற பக்கம் ரெண்டு நாள் கூட்டிப் போகலாம் என்று யோசிக்கிறோம். மூத்தவனுக்குப் பறவைப் பைத்தியம், பூநாரை பார்த்தே ஆகவேண்டும் என்று அந்தப் பூநாரை மாதிரியே ஒற்றைக் காலில் நிற்கிறான். தெற்கே புந்தல, கிழக்கே குமண, ரெண்டுமே பறவைகளுக்குப் பேர்போன தேசியப் பூங்கா என்கிறார்கள். ஆகஸ்ட்டில் புந்தல போகவா, குமண போகவா? போனவர்கள் சொல்லுங்கள்.

பசறைப்_பாதை:
பூநாரைக்காக இப்போது புந்தல போனால் ஏமாற்றம்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் நம் இலங்கையில் இருந்து முதலில் சேர்ந்தது அது (1990), ஆனால் வலசை வருகிற கூட்டம் செப்டம்பருக்குப் பிறகுதான் இறங்கும், மார்ச்சோடு போய்விடும். பூநாரையும் முன்பு போல இல்லை. வயல்களில் இருந்து வடிகிற நல்ல தண்ணீர் மலல, எம்பிலிகல களப்புகளில் சேர்ந்து உப்பு குறைந்துவிட்டது, அதன் சாப்பாடே அந்த உப்புத் தண்ணீரில்தான் இருக்கிறது.

இப்போதைக்குக் குமணதான். நம்மை நனைக்கிற இதே காற்று மழையை மலையிலேயே கொட்டிவிட்டு அந்தப் பக்கம் வெறும் கச்சானாக, அதாவது ஈரமில்லாத வறண்ட காற்றாக, இறங்குகிறது, அதனால் அங்கே காய்ந்து கிடக்கும். ஆனால் ஆகஸ்ட் வரை பொறுக்காதீர்கள். பறவைகள் சேர்கிற ஆழமில்லாத சதுப்பு நீர்நிலைதான் குமண வில்லு, 200 ஹெக்டேயர் அளவு, மே முதல் ஜூலை வரைதான் கூடு கட்டும் காலம். கண்டல் மரங்களில் (சிங்களத்தில் கிரல என்பார்களே, பழத்தில் ஜூஸ் போடுவார்கள், அதுதான்) மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, கொக்கு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் குந்தியிருக்கும், சத்தம் காதை அடைக்கும். குஞ்சு பறந்துவிட்டால் முதலையும் யானையும் பார்க்கலாம், அதுவும் மோசமில்லை, ஆனால் உங்கள் பையனுக்கு அது போதாது.

எல்ல, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில் இறங்குங்கள். டீசல் அங்கேயே அடித்துவிடுங்கள், பாணமைக்கு அப்புறம் கிரவல் ரோடு, யானையும் குறுக்கே வரும். வேன் உள்ளே சரிப்படாது, ஜீப் பேச வேண்டும். பேசும்போதே வில்லுக்குத்தான் முதலில் போகவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். போன முறை எங்கள் டிரைவர் சிறுத்தை காட்டுகிறேன் என்று காலை முழுக்கப் புழுதியில் சுற்றினார், சிறுத்தையும் இல்லை, நாரையும் இல்லை, வெயில் ஏறியதுதான் மிச்சம்.

கதிர்காமம்_நடை:
ஒன்று சேர்க்கிறேன். ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் நடக்கிற பாதயாத்திரைக்காரர்களுக்குக் காட்டு வாசலைத் திறந்துவிடும் நாட்களில், குமண வாசலில் இருக்கிற உகந்தை முருகன் கோவில் பக்கம் நிற்க இடமிருக்காது. நான் அந்தக் கூட்டத்தோடு ரெண்டு தடவை குமண வழியாக நடந்து, கும்புக்கன் ஓயா ஆற்றைத் தாண்டி யால காட்டுக்குள் போயிருக்கிறேன். காலில் கொப்புளம் வந்த பிறகு எந்தப் பறவையும் கண்ணில் படாது தம்பி. அந்த நாட்களுக்கு முன்பே போய் வாருங்கள்.

லிந்துலை_மழை:
ரொம்ப நன்றி அண்ணன்மாரே. அப்போ ஜூலை முதல் வாரம், குமண. பூநாரை இல்லை என்று மூத்தவனிடம் யார் சொல்வது என்றுதான் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பசறைப்_பாதை:
கருங்கழுத்து நாரை என்று ஒன்று இருக்கிறது, இலங்கையிலேயே ரொம்ப அரிது, குமணயில் இருக்கிறது. கிடைத்தால் பூநாரையை மறந்துவிடுவான். கிடைக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.