பிசியோ (பிசியோதெரபி சிகிச்சை) போனவர்கள் இருந்தால் எழுதுங்கள்

சாட்ஸ்வர்த் அக்கா:
போன வருஷம் ஆடிக் கஞ்சிக்குக் கோவிலில் பானையைக் கிளறப் போனேன், வலது கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது, ஈரத்துணியைக் கொடியில் போட மகளைத்தான் கூப்பிடுவேன், ஆனாலும் வயது 54, சர்க்கரை வேறு, இப்படித்தான் இருக்கும் என்று எண்ணெய் தேய்த்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

பிசியோ என்றால் பிடித்துவிடுவார்கள், நாம் படுத்துக் கிடந்தால் போதும் என்று நினைத்துத்தான் போனேன். (இங்கே தென்னாப்பிரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமல் நேராகவே போகலாம், அதுவே எனக்குத் தெரியாது.) அந்தப் பெண் முதலில் கேள்வியாகக் கேட்டார். அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக் கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். பாதியில் நின்றுவிட்டது. அவரே பிடித்துத் திருப்பினாலும் அதே இடத்தில்தான் நின்றது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுமாம், சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வருமாம். முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல இளகும், எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம் என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுப்பாடம் கொடுத்தார். மேசையைப் பிடித்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது, விரல்களால் சுவரில் ஏறுவது, துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து நல்ல கையால் மற்றதைத் தள்ளுவது. சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்டேன். ஆறு வாரத்தில் இரண்டு விரற்கடைகூட ஏறவில்லை. கோபத்தில் ஒருநாள் முரட்டுத்தனமாகத் தள்ளிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பயிற்சி முடிந்த வலி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட வேண்டும், தூக்கத்தைக் கெடுத்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம் என்று அவரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

டர்பன் தம்பி:
அக்கா, அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். மறுநாளே பிசியோ எழுப்பி நிற்க வைத்துவிட்டார், நாங்கள் சண்டைக்கே போய்விட்டோம். பாவம் வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் நாங்கள் வைத்த தலையணையையும் உருவிவிட்டார். வைத்துக்கொண்டே இருந்தால் கால் மடங்கியபடியே இறுகிவிடும், அப்புறம் நேராக நீட்ட வராதாம். இப்போது அம்மா என்னைவிட வேகமாகப் படி ஏறுகிறார்.

ஃபீனிக்ஸ் மாமா:
என் கதை வேறு. இடுப்பு வலிக்கு ஓரிடத்தில் பத்து தடவை போனேன், சூட்டு ஒத்தடம், கரண்ட் மெஷின், அவ்வளவுதான், ஆள் அடுத்த அறைக்குப் போய்விடுவார். வீட்டில் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. வேறொருவர் நான் குனிவதையும் நாற்காலியிலிருந்து எழுவதையும் பார்த்துவிட்டுத் தினமும் நடக்கச் சொன்னார், இடுப்புக்கும் வயிற்றுக்கும் நாலு பயிற்சி கொடுத்தார். மெஷினை எடுக்கவே இல்லை. தங்கச்சி, உன் கோடு இப்போது எங்கே இருக்கிறது?

சாட்ஸ்வர்த் அக்கா:
சுவரில் லைட் ஸ்விட்சையே தாண்டிவிட்டது அண்ணா! கொடியில் துணி நானே போடுகிறேன். முதுகுப்பக்கம் கை போவதுதான் இன்னும் பாதி, ரவிக்கைக்கு முன்னாடி ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டேன்.