ஜியோர் எடோ மகளிர் ஹேண்ட்பால்: 46 வருட இடைவெளியும் 7 ஐரோப்பியக் கோப்பைகளும்

கேள்வி: பிவட்_லைன்

ஹங்கேரியின் ஜியோர் எடோ கிளப்பின் வரலாற்றை வருடவாரியாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். லீக் பட்டங்கள் 1957, 1959 என்று இருக்கின்றன. அடுத்தது நேராக 2005. நடுவில் இருந்த கிளப் எங்கே போனது? இரண்டாவது, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் 2012 இறுதியில் மொத்தக் கணக்கு 54-54. ஆனாலும் தோற்றவர்கள் ஜியோர். எப்படி? மூன்றாவது, இவர்களுடைய வெற்றிக்கு ஆடி கார் கம்பெனியின் பணம்தான் காரணம் என்று எல்லா இடத்திலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதுமான விளக்கமா? ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்க எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நடுக்கோடு

முதல் கேள்விக்கு. கிளப் எங்கேயும் போகவில்லை, மேலே வர இடம் கிடைக்கவில்லை. தாய்க் கிளப் 1904இல் ஜியோர் நகரத்து ரயில் வேகன் தொழிற்சாலையைச் சுற்றி உருவானது. மகளிர் ஹேண்ட்பால் பிரிவு 1948இல் தொடங்கியது. 1970களில் ஹங்கேரிய லீக் என்றாலே புடாபெஸ்டின் வாஷாஷ்தான். 1982இல் ஐரோப்பியக் கோப்பையையும் அவர்கள் எடுத்தார்கள். பிறகு 1994இலிருந்து 2004 வரையிலான 11 சீசன்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். புடாபெஸ்டின் இன்னொரு கிளப்பான ஃபெரென்ட்ஸ்வாரோஷ் 6 (1994 முதல் 1997 வரை, பிறகு 2000, 2002), டுனஃபெர் 5 (1998, 1999, 2001, 2003, 2004). மூன்றாவது கிளப்புக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த வருடங்களில் கிராபோபிளாஸ்ட் எடோ என்ற ஸ்பான்சர் பெயரிலும் ஜியோர் ஆடியது. பழைய முடிவுகளைத் தேடும்போது அந்தப் பெயரையும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் சில சீசன்கள் விட்டுப்போகும்.

சீசன் எண்ணையும் ஒரே மாதிரி எழுதுங்கள். 2004-05 சீசனைச் சிலர் 2004 என்றும் சிலர் 2005 என்றும் போடுவதால்தான் பட்டியல்கள் மோதுகின்றன. முடியும் வருடத்தை எழுதுவதுதான் பத்திரமான வழி. 2020க்கு லீக் பட்டமும் கிடையாது, சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் கிடையாது. கொரோனாவால் இரண்டும் ரத்து. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், தோல்வி என்று எண்ணாதீர்கள்.

பதில்: ஏழு_மீட்டர்

2012: அப்போது இறுதி இரண்டு ஆட்டங்களாக நடக்கும். சொந்த மண்ணில் ஜியோர் 29-27 என்று ஜெயித்தது. மான்டெனீக்ரோவில் புடுச்னோஸ்ட் 27-25 என்று ஜெயித்தது. கூட்டினால் இரண்டு பக்கமும் 54. சமமானால் எதிரணி மண்ணில் அதிக கோல் போட்டவருக்கே கோப்பை. புடுச்னோஸ்ட் வெளியில் போட்டது 27, ஜியோர் போட்டது 25. சொந்த ஊரில் வாங்கிய அந்த 27 கோல்தான் கோப்பையைக் கொண்டுபோனது. முதல் ஆட்டத்தில் 2 கோல் வித்தியாசம் கிடைத்ததும் நிம்மதியாகத் தோன்றும்; ஆனால் 22-20 என்று ஜெயிப்பதும் 29-27 என்று ஜெயிப்பதும் அந்த விதியில் ஒன்றல்ல. 22-20க்குப் பிறகு அதே 27-25 வந்திருந்தால் இரண்டு பக்கமும் 47, வெளியூர் கோலில் ஜியோர் 25, எதிரணி 20.

2014 முதல் நான்கு அணிகள் ஒரே வார இறுதியில் புடாபெஸ்டில் மோதும் முறை வந்தது. அரையிறுதி ஒருநாள், இறுதி மறுநாள், வெளியூர் கோல் கிடையாது. சமமானால் 5 நிமிடம் வீதம் இரண்டு பாதி கூடுதல் நேரம். உங்கள் அட்டவணையில் இந்த இரண்டு முறைகளையும் தனித்தனி நிறத்தில் போடுவது நல்லது.

2025 வரை ஜியோர் ஆடிய இறுதிகள் 11. வென்றவை 7: 2013, 2014, 2017, 2018, 2019, 2024, 2025. தோற்றவை 4: 2009 (டென்மார்க்கின் விபோர்க்), 2012, 2016 (புகாரெஸ்டின் சிஎஸ்எம், ஏழு மீட்டர் த்ரோக்களில், அதாவது பெனால்டியில்), 2022 (நார்வேயின் வைப்பர்ஸ், 33-31). ஆனால் வென்ற ஆட்டங்களும் நூலிழையில்தான். 2017இல் வட மாசிடோனியாவின் வர்தாருக்கு எதிராக 31-30, 2018இல் அதே வர்தாருக்கு எதிராக 27-26, இரண்டுமே கூடுதல் நேரத்தில். 2019இல் ரஷ்யாவின் ரோஸ்டோவ்-டோன் அணிக்கு எதிராக 25-24. மூன்று கோப்பைக்கும் சேர்த்து வித்தியாசம் 3 கோல். அந்த 2019 இறுதியில் ரோஸ்டோவ் பெஞ்சில் பயிற்சியாளராக இருந்தவர் அம்ப்ரோஸ் மார்ட்டின், முந்தைய சீசன் வரை ஜியோருக்கு 4 கோப்பை வாங்கித்தந்த அதே ஸ்பானியர். தன் பழைய அணியின் ஒவ்வொரு நகர்வும் தெரிந்தவர் எதிரில் இருந்தும், புதிய பயிற்சியாளர் காபோர் டான்யியின் ஜியோர் ஜெயித்தது. அந்தக் கிளப்பின் மிகப் பெரிய வெற்றி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

பதில்: விங்கிலிருந்து

பணம் பற்றி. ஆடி 1993இல் ஜியோரில் தொழிற்சாலை தொடங்கியது, கிளப் பெயரில் ஆடி சேர்ந்தது 2000களின் நடுவில். 2011 முதல் ஹங்கேரியில் நிறுவனங்கள் தங்கள் வருமான வரியின் ஒரு பகுதியைக் குழு விளையாட்டுகளுக்குத் திருப்பிவிடலாம் என்ற சட்டமும் வந்தது. பெரும்பாலும் இளையோர் பயிற்சிக்கும் அரங்கங்களுக்கும் போன பணம் அது. 2014இல் சுமார் 5,500 பேர் உட்காரும் ஆடி அரங்கம் திறந்தது. சுமார் 1.3 லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு இது பெரிய அரங்கம்.

ஆனால் பணம் மட்டும் என்றால் மற்றவர்கள் ஏன் நிற்கவில்லை? வர்தார் பெண்கள் அணி 2018 இறுதிக்குப் பிறகு உரிமையாளர் பணத்தை நிறுத்தியதும் கலைந்துபோனது. 2021, 2022, 2023 மூன்று வருடமும் கோப்பை வாங்கிய வைப்பர்ஸ் 2025 ஜனவரியில் திவாலானது. ஜியோரில் நடந்தது வேறு. அனிடா கோர்பிட்ஸ் தன் முழு தொழில்முறை வாழ்க்கையையும் அங்கேயே 2021 வரை ஆடினார். 2005இல் உலகின் சிறந்த வீராங்கனையும் அவர்தான், பின்னர் கிளப்பின் தலைவராகவும் ஆனார். அவரைச் சுற்றித்தான் வெளிநாட்டவர் வந்தார்கள்: 2009இல் பிரேசிலின் எடுவார்டா அமோரிம், 2011இல் நார்வேயின் ஹெய்டி லோக்கே, 2015இல் நெதர்லாந்தின் நிக்கெ கிரோட், 2017இல் ஸ்டினே ஓஃப்டெடால். ஒருவர் கிளம்புவதற்கு முன்பே அடுத்தவர் வந்து சேர்ந்திருப்பார். அமோரிம் 12 சீசன், லோக்கே 6, ஓஃப்டெடால் 7. ஒரு சீசனுக்கு வாடகைக்கு எடுத்த நட்சத்திரங்கள் இல்லை இவர்கள்.

எதிர் உதாரணம் டுனஃபெர். எஃகு ஆலையின் கிளப், 1999இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, போயானா ராடுலோவிச் போன்ற வீராங்கனை. ஆலை 2004இல் தனியாரிடம் போனது. அதற்குப் பிறகு ஒரு லீக் பட்டம்கூட வரவில்லை.

பதில்: நடுக்கோடு

ஒரு திருத்தம். டுனஃபெர் கதை அங்கேயே முடியவில்லை. டுனவுய்வாரோஷ் என்ற ஊர்ப் பெயரில் 2016இல் ஈஎச்எஃப் கோப்பையை (சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலை ஐரோப்பியப் போட்டி) வென்றார்கள். உச்சியை இழந்தார்கள் என்று எழுதுங்கள், அழிந்தார்கள் என்று எழுதாதீர்கள்.

ஃபெரென்ட்ஸ்வாரோஷையும் விட்டுவிடாதீர்கள். ஜியோர் ஆண்ட காலத்திலேயே 2007, 2015, 2021, 2024 லீக் பட்டங்களை அவர்கள்தான் பறித்தார்கள். இப்போது லீக்கில் 14 அணிகள், 26 சுற்று. இந்த இரண்டு அணிகளும் மற்ற எல்லோரையும் பெரும்பாலும் வென்றுவிடும். அதனால் பட்டம் இவர்களுக்குள் நடக்கும் இரண்டு ஆட்டங்களிலும், எங்கோ ஓரிடத்தில் சறுக்கும் ஒரு புள்ளியிலும்தான் நிற்கிறது. லீக் கோல் வித்தியாசத்தை வைத்து ஜியோரின் பலத்தை அளக்காதீர்கள்.

பதில்: ஏழு_மீட்டர்

ஆட்டம் பார்ப்பதற்கு: பந்தை விட்டுவிட்டு, கோல் விழுந்த பிறகான 5 நொடிகளைப் பாருங்கள். பல அணிகள் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனி ஆள் வைத்து 2 பேரை மாற்றுகின்றன. அந்த மாற்றம் தாமதமானால் எதிரணி நடுக்கோட்டிலிருந்து உடனே பந்தை எறிந்து, தடுப்பு உருவாகும் முன்பே கோல் போட்டுவிடும். அமோரிம் 6-0 தடுப்பின் (ஆறு பேரும் கோல் வட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்பது) நடுவிலும் நிற்பார், இடது பின்வரிசையிலிருந்து ஷாட்டும் அடிப்பார். ஒரு மாற்றம் மிச்சம். 2016இல் கோல்கீப்பரை எடுத்துவிட்டு 7 பேரோடு தாக்கும் விதி வந்த பிறகு இதன் மதிப்பு இன்னும் கூடியது. ஏனென்றால் கோல்கீப்பர் வேறு ஓடித் திரும்ப வேண்டும்.

ஒவ்வொரு பந்துவசத்துக்கும் மூன்று கட்டம் போதும்: எத்தனை பேர் மாறினார்கள், எதிரணி எத்தனை நொடியில் ஷாட் அடித்தது, முடிவு என்ன. 2018 இறுதியின் 60 நிமிடத்தை முதலில் முடித்துவிட்டு, கூடுதல் நேரத்துக்குத் தனித்தாள் போடுங்கள். களைப்பில் அந்தப் பத்து நிமிடத்தின் மாற்றங்கள் வேறு மாதிரி இருக்கும், சராசரியோடு கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.