மறு: மிடில் வாய்ஸ் – நடுவினையா, இடைவினையா, கொள்வினையா?

அன்புள்ள நண்பர்களே,

நம் புதிய ஏற்பாட்டுக் கிரேக்க வகுப்பின் சொற்பட்டியலில் 'மிடில் வாய்ஸ்' என்பதற்கு, அதாவது செய்கிறவர் தனக்காகவோ தன்மேலோ செய்வதைக் காட்டும் கிரேக்க வினை வடிவத்துக்கு, தமிழில் என்ன பேர் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது. நீங்கள் எழுதியவற்றை இடையிடையே மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> செய்வினை ஒரு பக்கம், செயப்பாட்டுவினை ஒரு பக்கம், நடுவில் நிற்பது நடுவினை. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் இருக்கிறது ஐயா. நானும் போன வருடம் வரை வகுப்புத் தாள்களில் நடுவினை என்றுதான் போட்டுக்கொண்டிருந்தேன், சுருக்கமாக 'நடு.' என்று. விதைக்கிறவன் உவமையைப் படித்த அன்று ஒரு பெரியவர் அதை நாற்று நடுவதாக எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் தடுமாறினார். அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். உண்மையான குறை என்னவென்றால், நடுவினை என்ற பேர் அந்த வினை என்ன செய்கிறது என்று சொல்வதே இல்லை, எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறது. பழைய கிரேக்க இலக்கணக்காரர்கள் 'மெசோதேஸ்' (நடுநிலை) என்று வைத்த பேரை ஆங்கிலம் வாங்கி, அதை நாம் மூன்றாம் கையாக வாங்குவானேன்? இடைவினையும் வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் அது 'இன்டராக்‌ஷன்' என்ற பொருளில் குடியேறிப் பல காலம் ஆகிறது.

ஒரே ஒரு கிரேக்க வினையை எடுத்துப் பார்ப்போம்: நிப்தோ. கழுவு என்று பொருள், ஆனால் கை, கால், முகம் போன்ற உறுப்பைக் கழுவுவதற்குத்தான் புதிய ஏற்பாட்டில் வருகிறது. உடம்பு முழுக்கக் குளிப்பதற்கு 'லூவோ' என்று வேறு வினை, துணியையோ வலையையோ அலசுவதற்கு 'ப்ளூனோ' என்று இன்னொரு வினை. நமக்கும் கழுவு, குளி, துவை, அலசு என்று தனித்தனியாக இருப்பதால் இந்த வேறுபாட்டைத் தமிழனுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

புதிய ஏற்பாட்டில் நிப்தோ 17 இடங்களில் வருகிறது. அதில் 8 செய்வினை வடிவம், 9 மிடில் வடிவம், செயப்பாட்டுவினை ஒன்றுகூட இல்லை. அந்த 8 இடத்திலும் ஒருவர் இன்னொருவர் காலைக் கழுவுகிறார் (யோவான் 13ஆம் அதிகாரம், அப்புறம் 1 தீமோத்தேயு 5:10). அந்த 9 இடத்திலும் கழுவப்படுவது அவரவர் கை, கால், முகம்: சீலோவாம் குளத்துக்குப் போன பிறவிக் குருடன், சாப்பாட்டுக்கு முன் கை கழுவாத சீஷர்கள், உபவாச நாளில் முகம் கழுவச் சொல்லும் மத்தேயு 6:17. கத்தரித்த மாதிரி இவ்வளவு சுத்தமாகப் பிரியும் வினை கிரேக்கத்தில் அடிக்கடி கிடைக்காது. "காலைக் கழுவினார்", "முகத்தைக் கழுவிக்கொண்டார்" – இந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையில் தமிழில் என்ன வேறுபாடோ அதேதான்.

ஆகவே என் முன்மொழிவு கொள்வினை.

> தன்வினை என்று ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் பள்ளியில் படித்த தன்வினை திருந்தினான்/திருத்தினான், உருண்டான்/உருட்டினான் வகை. அங்கே தன்வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. நிப்தோவின் மிடில் வடிவமோ "கைகளை" என்று இரண்டாம் வேற்றுமையைத் தாராளமாக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சொல்லைப் பிடுங்கி இங்கே வைத்தால் இரண்டு இடத்திலும் சண்டை வரும். பொருளளவில் பார்த்தால் வடமொழிக்காரர்களின் ஆத்மனேபதம்தான் சரியான பேர், 'தனக்கான சொல்'. அந்த 'தனக்கு' என்பதைத் தமிழில் சுமப்பது கொள் என்ற துணைவினை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 27:5 பாருங்கள், யூதாஸ் "நான்றுகொண்டு செத்தான்" (தூக்குப்போட்டுக்கொண்டு). மூலத்தில் அங்கே இருப்பது மிடில் வடிவம். மொழிபெயர்த்தவர் கையில் கலைச்சொல் இல்லை, காது இருந்தது.

காது தவறிய இடமும் உண்டு. அப்போஸ்தலர் 22:16இல் பவுலிடம் அனனியா சொல்வது, "ஞானஸ்நானம்பெற்று, உன் பாவங்கள் போகக் கழுவப்படு". மூலத்தில் இரண்டு வினையும் மிடில் ஏவல். "கழுவப்படு" என்று யாராவது யாரையாவது ஏவுவார்களா? பாத்திரத்திடம்கூடச் சொல்ல மாட்டோம். "கழுவிக்கொள்" என்றால் பவுல் தானே தனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று பயந்திருக்கலாம். அந்தப் பயம் தேவையில்லை. ஊசி போட்டுக்கொண்டேன் என்கிறோம், ஊசி போட்டது நர்ஸ். முடி வெட்டிக்கொண்டேன் என்கிறோம், கத்தரி பிடித்தது வேறொருவர். நான் போய் உட்கார்ந்தேன், இசைந்தேன், பலன் எனக்கு, அவ்வளவுதான். கிரேக்க மிடில் வடிவத்துக்கும் இந்த வேலை உண்டு. யோவான் 13:10இல், பேதுருவின் காலைக் கழுவ இயேசுவே தண்ணீரோடு குனிந்திருக்கும்போது, அந்த அதிகாரத்தில் அந்த ஒரு இடத்தில் மட்டும் நிப்தோ மிடிலுக்கு மாறுகிறது: குளித்தவன் கால்களை மட்டும் கழுவிக்கொண்டால் போதும். இதை வகுப்பில் ஊசி உதாரணத்தோடு சொன்னபோது "மிடில் என்றால் என்ன" என்று மறுபடி யாரும் கேட்கவில்லை.

இனி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், சிக்கல் இரண்டு.

ஒன்று, கொண்டிரு. லூக்கா 5:2இல் மீனவர்கள் "வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள்". அங்கே மூலத்தில் இருப்பது சாதாரணச் செய்வினை. இந்தக் கொண்டு தொடர்ச்சியைக் காட்ட வந்தது, தனக்கு என்பதைக் காட்ட வந்ததல்ல. மாணவர்கள் இதில் கட்டாயம் விழுவார்கள், ஒரு எச்சரிக்கை போட வேண்டியதுதான்.

இரண்டு, தமிழில் கொள் கட்டாயமில்லை. பிலாத்து கை கழுவுவது கிரேக்கத்தில் மிடில், தமிழ் வேதாகமத்தில் வெறுமனே "கைகளைக் கழுவி". அதில் பிழையே இல்லை, கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். ஆகவே கொள்வினை என்பது வடிவத்தின் பேர். பார்த்த இடத்திலெல்லாம் கொள் ஒட்டி மொழிபெயர்க்கச் சொல்லும் விதி அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் "வந்துகொண்டான், பதில் சொல்லிக்கொண்டான்" என்று ஒரு கொடுமையான தமிழ் உருவாகிவிடும், ஏனென்றால் வா, பதில் சொல் போன்ற கிரேக்க வினைகள் இந்த வடிவத்தில்தான் நடமாடுகின்றன. அவற்றுக்கு என்ன பேர் வைப்பது என்பதைத் தனி இழையில் பேசலாம்.

(கொசுறு: கான்ஸ்டாண்டிநோபிளில் ஹாகியா சோபியாவின் தண்ணீர்த் தொட்டியில் இருந்ததாகச் சொல்லப்படும் வரி, "நிப்சோன் அனொமேமாதா மே மோனான் ஓப்சின்", முகத்தை மட்டுமல்ல, பாவங்களையும் கழுவு. கிரேக்க எழுத்தில் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே, நம் சம்பந்தர் பாடிய மாலைமாற்று போல. ஆனால் தன் முகமாயிற்றே, கொள்வினை அல்லவா வர வேண்டும்? செய்வினை ஏவல்தான் இருக்கிறது. 'நிப்சாய்' என்று போட்டால் மாலைமாற்று உடைந்துவிடும்!)

> எங்கள் பக்கம் கொள்வினை என்றால் பெண் எடுப்பது. கொள்வினை கொடுப்பினை என்போம். மாணவர்கள் சிரிப்பார்கள்.

மதுரை அக்கா, சிரிக்கட்டும். கொள்வினை கொடுப்பினையில் கொள்வது தன் வீட்டுக்கு, கொடுப்பது பிறர் வீட்டுக்கு. ஆத்மனேபதத்தையும் அதற்கு எதிரான பரஸ்மைபதத்தையும் ('பிறருக்கான சொல்') இதைவிட நன்றாக யார் விளக்க முடியும்? அடுத்த வகுப்பில் உங்கள் உதாரணத்தைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

சொற்பட்டியலில் கொள்வினை என்று சேர்த்திருக்கிறேன், சுருக்கம் 'கொள்.'. பக்கத்தில் நடுவினை என்பதையும் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன், பழைய நூல்களோடு ஒப்பிடுகிறவர்களுக்காக. மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று தாள்களை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.