கன்ட்ரோலரை நாம் உருவாக்குவதில்லை: மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

அரைத்தூக்கம்:
ஸ்பிரிங் எம்விசி, ஜாவா வெப் ஃப்ரேம்வொர்க். வரும் ரிக்வெஸ்டைக் கையாளும் கன்ட்ரோலரை அதுவே உருவாக்கும். அந்தக் கன்ட்ரோலரில் ஒரு பிரைவேட் ஃபீல்டு, அதில் நடப்புப் பயனர். வைத்தது நான்தான். நாலு மெத்தடுக்கும் அதே ஆளைக் கைமாற்றி அலுத்துப்போய் மேலே ஏற்றிவிட்டேன். டெஸ்ட் எல்லாம் பச்சை. லைவ் போன இரண்டாம் நாள் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. "வணக்கம்" என்பதற்குப் பக்கத்தில் வேறொருவர் பெயர், கீழே அந்த வேறொருவரின் முகவரி. "ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது" என்று அனுப்பியவரே எனக்கு ஆறுதல் சொல்வதுபோல எழுதியிருந்தார். அந்த வரிதான் இன்னும் உறுத்துகிறது.

ஒரு ரிக்வெஸ்ட் ஃபீல்டில் பயனரை வைத்துவிட்டு டேட்டாபேஸுக்குக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் இன்னொன்று வந்து மேலெழுதிவிடும். கன்ட்ரோலர் சிங்கிள்டன், எல்லா ரிக்வெஸ்டுக்கும் ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் என்று தெரியாதா? தெரியும். இன்டர்வியூவில் நானே கேட்கும் கேள்வி அது.

ஃபைனல்_போடு:
எங்களுக்கும் இதே கதை, ஸ்டேஜிங்கிலேயே பிடித்துவிட்டோம். அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் ஒன்று சொல்கிறேன். பயனரை மெத்தட் ஆர்க்யுமென்டாக வாங்குங்கள், பிரின்சிபல் என்று பாராமீட்டர் போட்டால் ஸ்பிரிங்கே கொண்டுவந்து தரும். ஃபீல்டு என்றால் இன்ஜெக்ட் ஆனது, அதாவது ஸ்பிரிங்கே கொண்டுவந்து வைத்தது மட்டும், அதுவும் பிறகு மாற்ற முடியாதபடி ஃபைனல். ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றே ஒன்று இருந்தால் ஸ்பிரிங் 4.3 முதல், இன்ஜெக்ட் செய் என்று சொல்லும் ஆட்டோவயர்டு கூட எழுத வேண்டாம், அப்படியும் ஃபீல்டு இன்ஜெக்ஷனைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைப் பார்க்கிறேன். கன்ஸ்ட்ரக்டரில் பத்து பேர் வரிசைகட்டி நின்றால் கன்ட்ரோலர் பருத்துவிட்டது என்று கண்ணில் படும். ஃபீல்டில் படாது. இரண்டு பீன் (ஸ்பிரிங் உருவாக்கி வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) ஒன்றையொன்று பிடித்துத் தொங்கினால் கன்ஸ்ட்ரக்டர் வழியில் ஸ்டார்ட்டிலேயே உடையும். ஸ்பிரிங் பூட் 2.6 முதல் ஃபீல்டு வழியிலும் அந்தச் சுற்றை ஏற்காது, செட்டிங்கைத் தளர்த்தினால் ஒழிய. தளர்த்தாதீர்கள்.

மாதக்கடைசி:
மேலே சொன்னவருக்கு: ஸ்டார்ட்டிலேயே உடையும் என்ற நம்பிக்கையில்தான் நான் விழுந்தேன். எங்களுடையது மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட்நெட் கோர். ஒரு சர்வீஸை ரிஜிஸ்டர் செய்ய மறந்துவிட்டேன். அப்ளிகேஷன் எழுந்தது, ஹெல்த் செக் பச்சை, மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. மாதக் கடைசியில் மட்டும் திறக்கிற ரிப்போர்ட் பக்கத்தைக் கணக்குப் பிரிவில் ஒருவர் திறந்தார். 500. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் என் மேலாளர்.

அங்கே கன்ட்ரோலர் ரிக்வெஸ்டுக்கு ஒன்று புதிதாகப் பிறக்கும், அதனால் அரைத்தூக்கத்தின் பிரச்சினை வராது. ஆனால் ரிஜிஸ்டர் செய்த சர்வீஸ்களை உருவாக்கித் தரும் கன்டெய்னருக்குள் அது இருப்பதே இல்லை. கன்ஸ்ட்ரக்டர் கேட்பதை மட்டும் கன்டெய்னரிடம் வாங்கிக்கொண்டு ஃப்ரேம்வொர்க்கே அதை உருவாக்குகிறது. பில்டின்போதே சரிபார்க்கும் வாலிடேட்ஆன்பில்டைப் போட்டிருந்தேன், அது கன்ட்ரோலரைப் பார்க்கவே இல்லை. கன்ட்ரோலர்களையும் கன்டெய்னரில் சேர்க்கும் ஆட்கன்ட்ரோலர்ஸ்ஆஸ்சர்வீசஸ் என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் இன்னும் இரண்டு கன்ட்ரோலர்கள் இதே நிலையில் கிடப்பது தெரிந்தது.

பழைய_மிடில்வேர்:
பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெல் 5.3க்கு ஏறினோம். அட்மின் கன்ட்ரோலரின் கன்ஸ்ட்ரக்டரில் "பயனர் இருந்து, அவர் அட்மின் இல்லையென்றால் வெளியே தள்ளு" என்று எழுதி வைத்திருந்தேன். 5.3 முதல் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது, வந்திருப்பவர் யாரென்று அறிய உதவும் மிடில்வேர் இன்னும் ஓடியிருக்காது. பயனர் நல், அதாவது யாருமில்லை. நிபந்தனை பொய். யாரையும் தள்ளவில்லை. ஒரு சாதாரண உறுப்பினர் முகப்புத் தலைப்பை "டெஸ்ட்" என்று மாற்றிவிட்டு, "எனக்கு ஏன் இந்தப் பட்டன் தெரிகிறது?" என்று கேட்டு எழுதினார். நல்ல மனிதர்.

ஃபைனல்_போடு:
கன்ஸ்ட்ரக்டரில் அனுமதிச் சோதனையா? அதுவே தப்பு.

பழைய_மிடில்வேர்:
இப்போது தெரிகிறது, ஐயா. அப்கிரேடு கைடிலும் தெளிவாக எழுதியிருந்தார்கள். படித்தது பிறகு.

மழைலாக்:
நெஸ்ட்ஜேஎஸ், நோட் ஃப்ரேம்வொர்க். ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் லாகில் பின்தொடர ட்ரேஸ் ஐடி வேண்டுமென்று லாகரை ரிக்வெஸ்ட் ஸ்கோப்புக்கு, அதாவது ரிக்வெஸ்டுக்கு ஒன்றாக மாற்றினேன். ஒரே ஒரு வரி மாற்றம். அந்த ஸ்கோப் மேல்நோக்கிப் பரவும் என்று யோசிக்கவில்லை. லாகரை வாங்கும் சர்வீஸ், அந்தச் சர்வீஸை வாங்கும் கன்ட்ரோலர், எல்லாமே ரிக்வெஸ்டுக்கு ஒன்றாகப் பிறக்கத் தொடங்கின. அதில் ஒரு சர்வீஸின் கன்ஸ்ட்ரக்டர் டெம்ப்ளேட் ஃபைல்களைப் படித்து முடித்து "தயார்" என்று லாகில் எழுதும். வாழ்நாளில் ஒருமுறை வரவேண்டிய வரி. டெர்மினலைத் திறந்தேன், தயார், தயார், தயார் என்று மழைபோல் கொட்டிக்கொண்டிருந்தது. ஐடியை, ரிக்வெஸ்டுக்குத் தனித்தனியாக மதிப்பை வைத்திருக்கும் அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜில் வைத்து, லாகரைப் பழையபடி சிங்கிள்டன் ஆக்கினேன்.

மாதக்கடைசி:
அரைத்தூக்கம், அந்த ஸ்கிரீன்ஷாட்காரருக்கு என்ன பதில் எழுதினீர்கள்?

அரைத்தூக்கம்:
அவருக்கு எழுதுவது எளிது, நடந்தது அவருக்கே தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் பெயர் வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. "உங்கள் முகவரியை இன்னொருவர் பார்த்துவிட்டார்" என்ற வரியை நாலு முறை எழுதி அழித்தேன். ஐந்தாவது முறை அனுப்பினேன். இன்றுவரை பதில் வரவில்லை.