கறுப்புக் குஞ்சின் தலையில் வெள்ளைப் பொட்டு: சேவலா, பேடா?

விசுவமடு வளவு:
வணக்கம். எங்கள் வளவில் ஒரு றோட் ஐலண்ட் றெட் சேவல் நிற்கிறது. அதோடு கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடும் பிளைமவுத் றொக் பேடுகள் இரண்டும், ஊர்க்கோழிகளும் மேய்கின்றன. எல்லா முட்டையையும் கலந்து ஒரு ஊர்க்கோழிக்கு அடை வைத்தேன். நேற்றுப் பொரித்துவிட்டது. சில குஞ்சுகள் கரிக்கறுப்பு. அதில் சிலவற்றின் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. மற்றவை மண்ணிறம், முதுகில் கோடு. பொட்டு உள்ளது பேடு என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. செட்டை நீண்டது பேடு என்று இன்னொருவர் சொன்னார். பேடுகளை முட்டைக்கு வைத்துக்கொண்டு சேவல்களை வளர்த்து விற்கலாம் என்று யோசனை. நிறத்தைப் பார்த்து இப்பவே பிரிக்கலாமா?

அக்கராயன்குளத்தான்:
தங்கச்சி, கறுப்புக் குஞ்சுகளைப் பிரிக்கலாம். ஆனால் அக்கா சொன்னதற்கு நேர்மாறு. பொட்டு உள்ளதுதான் சேவல்.

காரணத்தையும் சொல்கிறேன், அடுத்த முறை எந்த முட்டையை அடைக்கு எடுப்பது என்று அதில்தான் தெரியும். மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் பக்கத்தால் வருகிறது. கோழியில் தாய் பக்கத்தால். தாய் தகப்பனின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டுபோகும் இழையை நிறமூர்த்தம் என்பார்கள். சேவலுக்கு இரண்டு இசட் நிறமூர்த்தம், பேட்டுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இறகில் வரி போடும் பரம்பரை அலகு இசட்டில் இருக்கிறது. தாய் தன்னுடைய ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கும். மகளுக்கு அதனிடமிருந்து போவது டபிள்யூ, இசட் தகப்பனிடமிருந்து வரும். உங்கள் சேவலில் வரி இல்லை. ஆகவே தாயின் வரி மகனுக்குப் போகும், மகள் வெறும் கறுப்பாக நிற்கும். பொரித்த அன்று அந்த வரி எங்கே தெரியும் என்றால், தலையின் பின்பக்கம் வெள்ளைப் பொட்டாக.

பகல் வெளிச்சத்தில் குஞ்சைக் கையில் எடுத்து மேலிருந்து பாருங்கள். வயிறும் செட்டை நுனியும் வெளிறி இருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது சேவலுக்கும் இருக்கும், பேட்டுக்கும் இருக்கும். தலை மட்டும்தான் பேசும். பஞ்சு இறகு கொட்டத் தொடங்கினால் பொட்டு மறைந்துவிடும், அதனால் இந்த இரண்டொரு நாளுக்குள் பேட்டின் காலில் நிறநூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கால் வேகமாகப் பருக்கும், கிழமைக்கு ஒரு தடவை அவிழ்த்துக் கட்டாவிட்டால் நூல் இறுக்கிவிடும். சில கிழமையில் சேவல் குஞ்சின் செட்டையில் சாம்பல் வரி விழும். பேடு கறுப்பாகவே வளரும், கழுத்திலும் நெஞ்சிலும் கொஞ்சம் செம்மை வரலாம்.

ஒன்று கேட்க வேண்டும். ஊர்க்கோழிகளில் கறுப்பி ஏதும் நிற்கிறதா? நின்றால் அதன் குஞ்சும் பொட்டில்லாத கறுப்பாக வரலாம், அதில் சேவலும் இருக்கும்.

செட்டை நீளம் பார்ப்பது பெரிய பொரிப்பகங்களின் வேலை. மெதுவாக இறகு முளைக்கும் பேட்டையும் விரைவாக முளைக்கும் சேவலையும் தெரிந்து சேர்த்த குஞ்சில்தான் அது சரிவரும். வளவுக் குஞ்சில் பார்த்துப் பயனில்லை.

விசுவமடு வளவு:
நன்றி அண்ணா. கறுப்பி ஒன்று நிற்கிறது. ஆனால் முட்டை சேர்த்த நேரம் அது குஞ்சோடு திரிந்தது, முட்டை இடவில்லை. மண்ணிறக் குஞ்சுகளை என்ன செய்வது?

அக்கராயன்குளத்தான்:
அப்படியென்றால் பொட்டில்லாத கறுப்பு எல்லாம் பேடு, நூலைக் கட்டுங்கள்.

மண்ணிறம் ஊர்க்கோழியின் பிள்ளைகள். முதுகுக் கோடு இரண்டு பாலுக்கும் வரும். கூர் முட்டையில் சேவல் பொரிக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் கொண்டை முந்திச் சிவப்பது அனேகமாகச் சேவல். மூன்று மாதம் நெருங்கும்போது வாலுக்கு முன்னே, இடுப்பில் கிடக்கும் இறகைப் பிரித்துப் பாருங்கள். ஒடுங்கி, நுனி கூராகி, மினுங்கினால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பேடு. அதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே தீன் கொடுங்கள். சேவல் என்று நினைத்துக் குறுணலோடு விட்ட குஞ்சு பிறகு பேடாக நின்றால் நட்டம் உங்களுக்குத்தான்.

மல்லாவிக்காரி:
நானும் கேட்கிறேன். வாகனத்தில் கொண்டு வந்த வியாபாரி ஒருவரிடம் 'சிவப்பு முட்டைக் கோழி, எல்லாம் பேடு' என்று வாங்கினேன். குஞ்சுகள் வெளிறிய மஞ்சள். வளர்ந்தால் எல்லாம் வெள்ளைச் சேவல்.

அக்கராயன்குளத்தான்:
இதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது அக்கா. தீனும் போட்டு, மாதக்கணக்கில் முட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் சனம்தான்.

அந்த மண்ணிற முட்டைக் கலப்பினங்களில் தகப்பன் செம்பொன் நிறம், தாய் வெள்ளி நிறம். முன்பு சொன்ன அதே கணக்குத்தான்: மகள் தகப்பன் நிறத்தில் செம்மஞ்சளாக வரும், மகன் தாயைப்போல வெளிறி வரும். பொரிப்பகத்தில் முதல் நாளே நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடுவார்கள். ஆகவே அந்த இனம் என்று சொல்லி வெளிறிய மஞ்சள் குஞ்சைக் காட்டினால் அது சேவல், வாங்க வேண்டாம். இறைச்சிக்கு என்றால் விலை பேசி வாங்கலாம். வெள்ளை லெகோனில் இந்தக் கணக்கு ஓடாது, அதன் வெள்ளை வேறு வழியால் வருவது.

மாங்குளம் பொடியன்:
என்னிடம் இருப்பது மறுவளம். சேவல் வரி, பேடு சிவப்பு. பொட்டுப் பார்க்கலாமா?

அக்கராயன்குளத்தான்:
முடியாது தம்பி. வரிச் சேவல் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல வரியைக் கொடுத்துவிடும், எல்லாத் தலையிலும் பொட்டு வரும். சேவல் சிவப்பாகவும் பேடு வரியாகவும் நிற்க வேண்டும்.

தங்கச்சியும் கவனியுங்கள், இந்தக் குஞ்சுகளை வளர்த்துத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பொட்டு இரண்டு பாலிலும் கலந்து வரும். தலைமுறை தலைமுறையாக நிறத்தால் பிரியும் இனமும் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் 1930களில் உருவாக்கிய லெக்பார் அப்படிப்பட்டது. எங்களுக்கு வசதி பழைய சோடியை அப்படியே வைத்திருப்பதுதான். தம்பி, நீங்கள் சேவலை மாற்றினால் மூன்று கிழமையாவது பொறுத்து முட்டை சேருங்கள். பழைய சேவலின் விந்து பேட்டின் உடம்பில் இரண்டு, மூன்று கிழமை வரை தங்கும். அதற்கு முன் எடுத்த முட்டையில் பொட்டை நம்ப ஏலாது.